பிரார்த்தனை முடியும் வரை வாசலில் நிற்கும் சிறுமி

கேள்வி: எங்கள் இளைஞர் குழுவில் 13 முதல் 18 வயது வரையுள்ள 26 பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரம் ஒருமுறை கூடுகிறோம். விளையாட்டு, கைவேலை, சமூகப் பணி, ஆண்டுக்கு ஒரு முகாம் என்று நன்றாகவே போய்க்கொண்டிருக்கிறது. குழு எந்த மதத்தையும் சார்ந்தது அல்ல. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளின் மதத்தைச் சேர்ந்த ஒரு பிரார்த்தனையோடு கூட்டத்தைத் தொடங்குவது வழக்கம். மூத்த பொறுப்பாளர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் ஆரம்பித்துவைத்தது அது. எல்லோரும் எழுந்து, கைகூப்பி, சேர்ந்து சொல்வோம்.

14 வயதுச் சிறுமி ஒருத்தி சில மாதங்களாகப் பத்து நிமிடம் தாமதமாகவே வருகிறாள். எல்லோர் முன்னிலையிலும் இரண்டு முறை அவளைக் கண்டித்தேன். பிறகு அவளுடைய தோழி என்னிடம் தனியாகச் சொன்னாள்: அவள் நேரத்துக்கே வந்துவிடுகிறாளாம். வாசலுக்கு வெளியே உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகப் பிரார்த்தனை முடியும் வரை காத்திருக்கிறாளாம். அவள் வேறு மதத்தைச் சேர்ந்தவள்.

சென்ற முகாமிலும் ஒன்று நடந்தது. நோன்பு வைத்திருந்த ஒரு பையனிடம், "ஒரு வாய் தண்ணீர் குடியேன், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது எங்களுக்குள் இரண்டு யோசனைகள். ஒன்று, வாரம் ஒரு மதத்தின் பிரார்த்தனை என்று எல்லோரும் சேர்ந்து சொல்வது. மற்றொன்று, குழுவுக்குள் மதத்தைப் பற்றிய பேச்சே கூடாது என்று விதி போடுவது. எது சரி?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் சிரித்ததை நீங்களே எழுதியிருப்பதால், இந்தக் கடிதத்துக்கு முழு மனதோடு பதில் எழுதுகிறேன். இளைஞர் குழுப் பொறுப்பாளர்களுக்குப் பயிற்சி அளிக்கும் வேலையில் இருப்பதால் இப்படிப்பட்ட கேள்விகள் எனக்கு அடிக்கடி வருகின்றன. பெரும்பாலும் "அந்தப் பிள்ளை ஒத்துழைப்பதில்லை, என்ன செய்வது?" என்றுதான் கேட்பார்கள். நீங்கள் பிள்ளையை விட்டுவிட்டுக் குழுவைத் திருத்த நினைக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

உங்கள் இரண்டு யோசனைகளும் எனக்கு உடன்பாடு இல்லை. முதலாவது நல்ல மனதோடு வந்தது என்பது தெரிகிறது. ஆனால் அதை அந்தச் சிறுமியின் இடத்திலிருந்து பாருங்கள். இப்போது ஒரு மதத்தின் பிரார்த்தனையைச் சொல்ல முடியாமல் வெளியே நிற்கிறாள். நீங்கள் ஐந்து மதங்களின் பிரார்த்தனையைச் சுற்றில் விட்டால், ஐந்தில் நான்கு வாரம் அவள் வெளியே நிற்க வேண்டியிருக்கும். அதோடு, இதுவரை நிம்மதியாக இருந்த வேறு சில பிள்ளைகளும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பல பிரார்த்தனைகளைச் சொல்வதில் தவறே இல்லை என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு. அது அவர்களுடைய நம்பிக்கை. தன் கடவுளைத் தவிர வேறு பெயரை வழிபாடாக உச்சரிக்கக் கூடாது என்று நினைக்கும் குடும்பங்களும் உண்டு. அது இவர்களுடைய நம்பிக்கை. முதல் வகையினருக்கு எல்லாப் பிரார்த்தனையும் சேர்ந்து சொல்வது பெருந்தன்மையாகத் தெரியும். இரண்டாம் வகையினருக்கு அது மனசாட்சியை மீறச் சொல்வதாகிவிடும். எந்த மதமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் 26 பேரில் இருக்கலாம். அவர்களை இந்தச் சுற்றில் எந்த வாரத்திலும் காணோம்.

இரண்டாவது யோசனை இன்னும் மோசம் என்பேன். பேச்சே கூடாது என்றால், முதலில் வாய் மூடுவது சிறுபான்மைப் பிள்ளைகள்தான். பெரும்பான்மையினரின் பண்டிகை எப்போது என்று யாரும் பேசாமலே எல்லோருக்கும் தெரியும். விடுமுறையும் அதை ஒட்டியே வரும். நோன்பு வைத்திருக்கும் பையன் தனக்கு ஏன் தாகமாக இருக்கிறது என்பதைச் சொல்ல வாய் வேண்டும். அந்த வாயைத்தான் உங்கள் விதி அடைக்கும்.

அந்தச் சிறுமி வெளியே நிற்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. அவள் அதற்கு என்னென்ன கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன். நேரம் தவறுகிறவள் என்ற பெயர். எல்லோர் முன்னிலையிலும் இரண்டு கண்டிப்பு. ஆட்டத்துக்கு அணி பிரிக்கும்போது கடைசியில் மிஞ்சும் இடம். தோழியிடம் ஒப்படைத்த ஒரு ரகசியம். அவிழாத கயிற்றை அவிழ்த்துக் கட்டும் அந்தப் பாவனை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம் இருந்தால்தான் ஒரு பிள்ளை அத்தனை கவனமாகப் பாவனை செய்யும். ஒரு குழு எல்லா நம்பிக்கைகளையும் மதிக்கிறதா என்று பார்க்க நான் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்: ஒரு பிள்ளை ஒரு காரியத்தில் சேராமல் ஒதுங்கி நிற்க விரும்பினால், அதற்காக அது எதையாவது இழக்க வேண்டியிருக்கிறதா? எதையும் இழக்காமல் ஒதுங்க முடிந்தால் அந்தக் குழு நன்றாக இருக்கிறது என்பேன், அங்கே எத்தனை மதத்துப் பிள்ளைகள் இருந்தாலும்.

இது நான் மட்டும் கண்டுபிடித்த அளவுகோல் இல்லை. 1985-ல் கேரளத்தில் ஒரு பள்ளியில் மூன்று உடன்பிறப்புகள், தேசிய கீதம் பாடும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள்; ஆனால் பாடவில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம். அவர்களுடைய நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986-ல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. எழுந்து நிற்பதே மரியாதை; பாடாமல் இருப்பது அவமரியாதை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். தேசிய கீதத்துக்கே இந்த இடம் உண்டு என்றால், வாரக் கூட்டத்தின் தொடக்கப் பிரார்த்தனைக்கு இல்லாமல் போகுமா?

சாரணர் இயக்கத்தின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. 1908-ல் பேடன் பவல் வகுத்த உறுதிமொழியில் கடவுளுக்கான கடமை முதலிலேயே வந்தது. இயக்கம் நாடு நாடாகப் பரவியபோது அந்த ஒரு சொல் எல்லாப் பிள்ளைகளின் வாயிலும் ஒரே மாதிரி உட்காரவில்லை. இந்தியாவில் பாரத சாரணர் சாரணியர் இயக்கத்தில் 'கடவுள்' என்பதற்குப் பதிலாக 'தர்மம்' என்று சொல்ல இடம் தந்தார்கள். பிரிட்டனில் சாரணியர் இயக்கம் 2013-ல் கடவுள் என்ற சொல்லையே எடுத்துவிட்டு, எனக்கு நான் உண்மையாக இருப்பேன், என் நம்பிக்கைகளை வளர்த்துக்கொள்வேன் என்ற பொருளில் உறுதிமொழியை மாற்றியது. அங்கே சாரணர் இயக்கமோ பழைய உறுதிமொழியை அப்படியே வைத்துக்கொண்டு, மத நம்பிக்கை இல்லாதவர்களுக்கென்று 2014-ல் இன்னொன்றைச் சேர்த்தது. மூன்றும் மூன்று வழி. எனக்குப் பிடித்தது கடைசி வழி. நம்பிக்கை உள்ள பிள்ளையிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. இல்லாத பிள்ளையைப் பொய் சொல்ல வைக்கவும் இல்லை.

சரி, உங்கள் கூட்டத்துக்கு வருவோம். தொடக்கத்தில் ஒரு நிமிட மௌனம் வையுங்கள். கேட்க மிகச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அதை எந்தச் சொற்களால் அறிவிக்கிறீர்கள் என்பதில்தான் முழுக் காரியமும் இருக்கிறது. "எல்லோரும் கைகூப்பி, கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்வோம்" என்றால் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். கைகூப்புவதே சிலருக்கு வழிபாடு. கண்ணை மூடுவதும் தலையைத் தாழ்த்துவதும் அப்படித்தான். "ஒரு நிமிடம் அமைதியாக இருப்போம்" என்று மட்டும் சொல்லுங்கள். பிரார்த்தனை செய்கிற பிள்ளை செய்யட்டும். வீட்டுப் பாடத்தை நினைக்கிற பிள்ளை நினைக்கட்டும். நின்றாலும் உட்கார்ந்தாலும் சரி என்பதை முதல் வாரத்திலேயே ஒருமுறை சொல்லிவிடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் யார் உதடு அசைகிறது, யார் கை எப்படி இருக்கிறது என்று நீங்கள் பார்க்காதீர்கள். பொறுப்பாளரின் கண் போகும் திசையில்தான் மற்றப் பிள்ளைகளின் கண்ணும் போகும்.

பழைய பிரார்த்தனையை விரும்பும் பிள்ளைகளை என்ன செய்வது? கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்பு, பக்கத்து அறையிலோ ஒரு மூலையிலோ, விரும்புகிறவர்கள் சேர்ந்து சொல்லிக்கொள்ளட்டும். மற்ற மதத்துப் பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும் அதே ஏற்பாடு. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: அந்தப் பத்து நிமிடத்தில் குழுவின் முக்கியமான காரியம் எதுவும் நடக்கக் கூடாது. அணித்தலைவர் தேர்வும் முகாம் அறிவிப்பும் அங்கே நடந்தால், பிரார்த்தனை மறுபடியும் நுழைவுச்சீட்டாகிவிடும்.

மூத்த பொறுப்பாளரிடம் இதை நீங்களே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் வைத்து அல்ல. "இத்தனை ஆண்டுகளாக யாரும் ஒன்றும் சொல்லவில்லையே" என்பார். யாரும் சொல்லாததற்குக் காரணம், சொல்ல வேண்டியவர்கள் 14 வயதுப் பிள்ளைகள் என்பதுதான். அவர் கெட்ட எண்ணத்தில் ஆரம்பிக்கவில்லை. பிள்ளைகள் ஒரு நல்ல வார்த்தையோடு வேலையைத் தொடங்கட்டும் என்றுதான் நினைத்திருப்பார். அந்த நோக்கத்தை மௌன நிமிடம் காப்பாற்றுகிறது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த ஒரு நிமிடத்தை அறிவிக்கும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். சிறுமியின் பெயரை மட்டும் அவரிடமும் சொல்ல வேண்டாம். தோழி உங்களை நம்பிச் சொன்னது அது.

"எங்கள் பிரார்த்தனையை ஏன் எடுத்தீர்கள்?" என்று சில பெற்றோர் கோபித்துக்கொள்ளலாம். அவர்களிடம் வாதாட வேண்டாம். அது பத்து நிமிடம் முன்னால் நகர்ந்திருக்கிறது. பிள்ளை வரலாம் என்று சொன்னால் போதும்.

இனி அந்தச் சிறுமி. அவளைத் தனியே அழைத்து, "ஏன் வெளியே நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஒளிந்துகொள்ள அவளுக்கு இருந்த ஒரே இடமும் போய்விடும். இதில் எனக்கு ஒரு பழைய தவறு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில், ஒரு சிறுவன் குறிப்பிட்ட உணவைத் தொடாததைப் பார்த்து, "உங்கள் மதத்தில் இது ஏன் கூடாது? எல்லோருக்கும் சொல்லேன்" என்றேன். ஆர்வத்தோடுதான் கேட்டேன். முப்பது முகங்கள் அவன் பக்கம் திரும்பின. அவன் தட்டைப் பார்த்தபடி, "எனக்குத் தெரியாது, அம்மா சொன்னாங்க" என்றான். அவனுடைய காது மடல்கள் சிவந்திருந்தன. 12 வயதுப் பிள்ளையை ஒரு மதத்தின் பிரதிநிதியாக நடுவில் நிறுத்தியது நான். பெரியவர்களுக்கே பதில் தெரியாத கேள்விகளைப் பிள்ளைகளிடம் கேட்டு, அதற்கு அறிமுகம், பரிமாற்றம் என்றெல்லாம் பெயர் வைத்துவிடுகிறோம். ஒரு பிள்ளை தானாகத் தன் பண்டிகையைப் பற்றிப் பேசினால் ஆசையோடு கேளுங்கள். பேசு என்று எழுப்பி நிறுத்தாதீர்கள்.

அதனால் அவள் விஷயத்தில் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கூட்டத்தின் தொடக்கத்தை எல்லோருக்குமாக மாற்றுங்கள். காரணமாக, "எல்லோரும் சௌகரியமாக இருக்க" என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம். அவள் நேரத்துக்கு உள்ளே வரும் நாளில் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாதீர்கள், பாராட்டாதீர்கள். நீங்கள் கொடுத்த இரண்டு கண்டிப்புகளுக்கு மட்டும் கணக்குத் தீர்க்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் கண்டித்ததால், எல்லோர் முன்னிலையிலும் திரும்பப் பெறுங்கள்: "தாமதமாக வந்ததற்காகச் சிலரைக் கடிந்துகொண்டேன். காரணம் கேட்காமல் அப்படிப் பேசியிருக்கக் கூடாது." பெயர் வேண்டாம். அவளுக்குப் புரியும்.

அவளே ஒருநாள் உங்களிடம் வந்து பேசலாம். அப்போது, வீட்டில் சொல்லப்படும் நம்பிக்கையே தனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றுகூட ஒரு பிள்ளை சொல்லும். அந்த வயதில் அது இயல்பு. 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு, சிந்தனை, மனசாட்சி, மதச் சுதந்திரம் குழந்தைக்கும் உண்டு என்கிறது. பிள்ளையின் வளர்ச்சிக்கு ஏற்ப வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்று அதே பிரிவில் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் நுழையக் கூடாது. பிள்ளையைத் தூண்டிவிடவும் வேண்டாம், பெற்றோரிடம் போய்ச் சொல்லவும் வேண்டாம். ஆபத்து எதுவும் இல்லாத வரை கேட்டுக்கொண்டால் போதும். உங்கள் சொந்த நம்பிக்கையை அந்த இடத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் மதத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும், ஒருவர் 'வேண்டாம்' என்றால் மற்றவர் நிறுத்த வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு. பொறுப்பாளருக்கு அந்த உரிமை கிடையாது. நீங்கள் கொடுக்கும் ஒரு துண்டுப்பிரசுரம், தோழி கொடுக்கும் துண்டுப்பிரசுரம் போன்றது அல்ல. உங்களிடம் முகாமுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் இருக்கிறது.

முகாம் விஷயத்தில் முன்கூட்டியே செய்யக்கூடியவை பல. பெற்றோருக்கு அனுப்பும் படிவத்தில் "உங்கள் மதம் என்ன?" என்று கேட்காதீர்கள். "உணவு, உடை, ஓய்வு நேரம், வழிபாடு ஆகியவற்றில் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். ஒரே மதத்துக்குள் இரண்டு வீடுகள் இரண்டு விதமாக இருக்கும். மதத்தின் பெயரைத் தெரிந்துகொண்டு நீங்கள் செய்யும் ஊகம் பாதி நேரம் தவறாகும். சூரியன் மறைந்தபின் உண்ணாத சமணக் குடும்பங்கள் பல உண்டு. எட்டு மணிச் சாப்பாடு அந்தப் பிள்ளைக்குப் பட்டினி. யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போதே தொடங்கி மறுநாள் இரவு வரை நீள்கிறது. உங்கள் போட்டிகள் எல்லாம் சனிக்கிழமையில் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு எந்தக் கோப்பையும் இல்லை. சீக்கியப் பிள்ளையின் கைவளை நகை அல்ல. விளையாட்டில் யாருக்கும் படாமல் இருக்க அதன்மேல் துணிப்பட்டி சுற்றினால் போதும், கழற்றச் சொல்ல வேண்டியதில்லை. யெகோவாவின் சாட்சிகள் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. பாட்டுப் பாடி கேக் வெட்டும்போது அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேறு ஒரு வேலை இருந்தால் தர்மசங்கடம் இல்லை.

தேதியைக் குறிக்கும்போது ரமலானைத் தனியாகப் பாருங்கள். இஸ்லாமிய ஆண்டு சந்திரனைப் பின்பற்றுவதால் 354 அல்லது 355 நாட்கள்தான். ஆகவே நோன்பு மாதம் ஒவ்வோர் ஆண்டும் 10, 11 நாட்கள் முன்னால் நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். நாலைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு தேதி பொருந்தியது என்பதற்காக இந்த ஆண்டும் பொருந்தாது. தள்ளிவைக்க முடியாமல் முகாம் நோன்பு மாதத்தில் விழுந்தால், ஓடியாடும் ஆட்டங்களைக் காலையில் முடித்துவிடுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவனைச் சும்மா உட்கார வைக்காமல், வேண்டுமானால் படுத்துக்கொள்ள ஓர் இடம் கொடுங்கள். மாலையில் அவன் நோன்பு திறக்கும் நேரத்துக்கு மற்றவர்களின் சிற்றுண்டியையும் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். அவன் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்காது. தலைசுற்றல், மயக்கம் என்று வந்தால் அங்கே யோசனைக்கு இடமில்லை: நிழல், தண்ணீர், மருத்துவ உதவி, பெற்றோருக்குத் தகவல். நோயாளிகளுக்கும் பயணத்தில் இருப்பவர்களுக்கும் நோன்பை வேறு நாட்களுக்குத் தள்ளிவைக்கக் குர்ஆனே அனுமதி தருகிறது. ஆனால் சாதாரண நேரத்தில் அதைச் சொல்லி அவனோடு வாதாடும் வேலை உங்களுடையது அல்ல. வைப்பதா விடுவதா என்பதை அவனும் அவன் வீட்டாரும் முடிவு செய்யட்டும்.

கேலி எழும் இடத்தில் நீண்ட அறிவுரை பலிக்காது. அந்த நொடியிலேயே, சாதாரணக் குரலில், "அவன் வேண்டாம் என்றால் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுங்கள். கேலி செய்தவனிடம் பிறகு தனியாகப் பேசுங்கள். பெரும்பாலும் அவனுக்கு வன்மம் இருக்காது. பொறுப்பாளர் சிரித்ததைப் பார்த்து இதற்கு அனுமதி உண்டு என்று நினைத்திருப்பான்.

அதனால் மாற்றங்களுக்கெல்லாம் முன்னால் அந்தப் பையனிடம் போங்கள். அடுத்த கூட்டம் முடிந்ததும், சாமான்களை அடுக்கும் நேரத்தில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது சொல்லுங்கள்: "முகாமில் அவர்கள் உன்னைக் கேலி செய்தபோது நானும் சிரித்தேன். தடுத்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு." விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். அவன் "பரவாயில்லை அக்கா" என்று சொல்லலாம், தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாம், ஒன்றுமே சொல்லாமலும் இருக்கலாம். பதிலுக்காக நிற்காமல், கையிலிருக்கும் பெட்டியின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி இருவருமாகத் தூக்கி வையுங்கள்.